சித்தியின் நாவலை நீ விற்ற பிறகு

மகனே,

ரயில் நிலையத்தில் நீ கேட்டதற்குத் தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை. மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா உங்கள் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, அது சரியாகப் போகவில்லை என்று மறுபடியும் இழுத்துக்கொண்டிருந்தார். நீ மட்டும் இறங்கி வந்து என் கையைப் பிடித்து, "எம்மா, கல்யாணத்தன்னைலருந்து மொகத்தத் தூக்கி வச்சிட்டு இருக்கீய. நான் என்ன செஞ்சேன், சொல்லுங்க" என்று கேட்டாய். பிளாட்பாரத்தில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அதற்கு என்ன சொல்ல முடியும்? இப்போது சொல்கிறேன். எனக்கு உன் சித்தி மேல் பொறாமை. நீ பிறந்ததிலிருந்து யார் மேலும் எனக்கு வராத அளவு பொறாமை. அவள் எழுதிய ஒரே நாவலை நீ ஊர் ஊராக விற்றாய். நான் எழுதிய இரண்டும் உன் பெட்டியில் கிடக்கின்றன. அதுதான் விஷயம்.

நீங்கள் மெட்ராஸ் போன பிறகு உன்னிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கோபமாக, ஒன்று குழைவாக. இரண்டுக்கும் சேர்த்து இதில் பதில் இருக்கிறது. ஆனால் நான் எனக்குத் தோன்றிய வரிசையில்தான் சொல்வேன். பள்ளிக்கூடத்து வாத்திச்சியிடம் வளர்ந்த பிள்ளை நீ, பொறுத்துக்கொள்.

அப்பா வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீசில் உனக்கும் ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். ஒரு மழைக்காலம்கூட நீ அதில் உட்காரவில்லை. மெட்ராஸ் போகிறேன், திருவல்லிக்கேணியில் ஒரு அறை பார்த்திருக்கிறேன், எழுதுகிறவர்களின் புத்தகங்களை வேறு மொழிக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் விற்கப்போகிறேன் என்றாய். புத்தகத்தைக் கடையில் விற்பது தெரியும். புத்தகத்தைக் கொடுக்காமல் அதன் உரிமையை மட்டும் விற்பது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. நம் ஊரில் ஏஜெண்டு என்றால் சுங்கத்தில் சீல் வாங்கி லாரியை உள்ளே விடுகிறவன். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் என்ன சொல்வது என்று நான் முழித்தேன். அப்பாதான் சட்டென்று புரிந்துகொண்டார். "இதுல புரியாம என்ன இருக்கு? சரக்கு ஒருத்தனுக்கு, கப்பலு ஒருத்தனுக்கு. ஊடால நின்னு ரெண்டு பேர்ட்டயும் ஏச்சு வாங்குதவந்தான் ஏஜெண்டு. ஒம் மவனுக்கு அது நல்லா வரும்" என்றார். சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தார்.

முதல் வருஷம் உனக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நீ ஒரு தாள் அச்சடித்து அனுப்பத் தொடங்கினாய், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இன்னாருடைய துப்பறியும் கதை கன்னட வாரப் பத்திரிகைக்குத் தொடராகப் போனது, இன்னாருடைய சமையல் புத்தகம் தெலுங்குக்குப் போனது, ஒரு சிறுவர் கதை இந்திக்குப் போனது என்று வரிசையாக இருக்கும். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போவார். புதுத் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்ற வரும் லாரி டிரைவர்களிடம் எல்லாம் காட்டியிருக்கிறார். நான் அந்தத் தாளை எப்படி வாசிப்பேன் தெரியுமா? மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. என் பெயர் எங்கேயாவது அச்சுக்காரன் கண்ணுக்குத் தப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. நீ லீவில் வரும்போது, தட்டில் மீனை வைத்துக்கொண்டே கேட்பேன்: "என்னய்யா, நம்ம புஸ்தகம் என்னாச்சு?" நீ "பாக்கலாம்மா" என்பாய். இதில் உனக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும், தொழில் வார்த்தையாகவே எடுத்துக்கொள். எழுதுகிறவர்களிடம் "பாக்கலாம்" என்று சொல்லாதே. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். "பாக்கலாம்" என்று சொன்னால் தபால்காரன் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவார்கள். நான் ஓடினேன்.

சித்தி கதைக்கு வருகிறேன். செலின் நம் குடும்பத்துக்கு வந்தபோது நான் வாரப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தேன். உன் சித்தப்பா கல்யாணம் முடிந்து கப்பலுக்குப் போனபிறகு, அவள் மணப்பாட்டில் தனியாக இருந்துகொண்டு என் கதை வந்த பத்திரிகையைக் கோயிலுக்குப் பூசைக்குப் போகும்போதுகூடக் கையில் கொண்டுபோவாளாம். "எங்க அக்கா எழுதுனது" என்று காட்டுவாளாம். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன். என்னைவிட வயதில் சின்னவள், பிள்ளை இல்லாதவள், அதிகம் பேசாதவள். அவள் எழுதுவாள் என்று நான் சொப்பனத்திலும் நினைக்கவில்லை. ஒரு கோடை விடுமுறையில் நான் அங்கே போயிருந்தபோது, குசினியில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, "அக்கா, ஒண்ணு வாசிக்கட்டா? சிரிக்கப்பிடாது" என்றாள்.

முதல் அத்தியாயத்தை நான் சிரித்த முகத்தோடுதான் கேட்டேன். கப்பலுக்குப் போன புருஷனிடமிருந்து தபால் நின்றுபோய்விடுகிறது. கம்பெனிக்கும் தெரியவில்லை, கூடப் போனவர்களுக்கும் தெரியவில்லை. இரண்டாவது அத்தியாயத்தில் அந்தப் பெண் ஒரு காலையில் எழுந்து, ஆணியில் தொங்கிய அவனுடைய சட்டையை எடுத்து, பக்கத்து வீட்டுக்காரி தரை துடைக்கத் துணி கேட்டாள் என்று கொடுத்துவிடுகிறாள். அவ்வளவுதான். ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில் அவள் அடுப்பு பற்றவைக்கிறாள். நானாக இருந்தால் அந்த இடத்தில் மூன்று பக்கம் அழவைத்திருப்பேன். மாதாவிடம் முறையிட வைத்திருப்பேன். மீனைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. "நல்லாருக்கு செலின். எழுது" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

பிறகு அவளே உன்னிடம் கொடுத்ததும், நீ கிறிஸ்துமஸ் லீவு முழுக்க மச்சுக்குப் போய் அதையே வாசித்ததும், சாப்பிடக் கூப்பிட்டால் "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு வராததும் உனக்குத் தெரிந்த கதை. நான் ஏணிப்படியின் கீழே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு புத்தகம் உன்னைச் சாப்பாட்டை மறக்கச் செய்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அது என் புத்தகம் இல்லை.

அடுத்த தாளில் சித்தி பெயர் வந்தது. தமிழில் வெளியாகிறது, மலையாளத்துக்கும் விற்றாயிற்று என்று. அதற்கடுத்த தாளில் கன்னடம், வானொலி நாடகம். மணப்பாட்டில் முதலில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். புருஷன் உயிரோடு கப்பலில் இருக்கும்போதே இப்படி ஒரு கதை எழுதிவிட்டாளே, நாக்கு அழுகிவிடும் என்றாள் ஒருத்தி. உன் சித்தப்பா லீவில் வந்தவர், இரண்டு நாள் அதை வாசித்துவிட்டு, "ஏளா, இதுல காணாமப் போறவன் நான் இல்லல்லா?" என்று கேட்டார். "இல்ல" என்றாள். "அப்பஞ் சரி" என்று கடற்கரைக்குப் போய்விட்டார். ஊர் அதோடு அடங்கிவிட்டது.

மலையாளத்தில் மொழிபெயர்க்கிறவர் ஊரைப் பார்க்கவேண்டும் என்று வந்தாரே, அந்த நாளைச் சொல்கிறேன். செலினுக்கு விருந்தாளிக்குச் சமைத்துப் பழக்கமில்லை என்று நீ எனக்குக் கடிதம் போட்டாய். நான் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய் மீன் குழம்பும் இறால் பொரியலும் வைத்தேன். அவரும் செலினும் மேட்டின் மேல் சிலுவைக் கோயில் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தார்கள். நாவலில் அந்தப் பெண் நிற்கிற இடம் எது, காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்றெல்லாம் கேட்டாராம். நல்ல மனிதர், தங்கமான மனிதர். நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்து, "சேச்சி, நீங்களும் எழுதுமாமே?" என்றார். "எழுதுவேன்" என்றேன். "ரொம்ப சந்தோஷம். இந்தக் குழம்புக்குப் புளி குடம்புளியா?" என்று கேட்டார். சாதாரணப் புளிதான் என்றேன். இரண்டு நாவல் எழுதியவளிடம் அவர் கேட்ட ஒரே சந்தேகம் அதுதான். அவர் மேல் தப்பில்லை. ஆனால் இன்றைக்கும் புளி கரைக்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

பிறகு உன் கல்யாணம். நான் பட்டுச்சேலை எடுக்க எவ்வளவு அலைந்தேன் என்று அப்பாவைக் கேள். கோயிலில் எல்லாம் நன்றாக நடந்தது. விருந்துக்கு முன்னால் படம் எடுக்க வந்தவனிடம் நீ, "மொதல்ல சித்தியோட ஒண்ணு எடுங்க" என்றாய். சரி, பிள்ளை இல்லாதவள் என்று விட்டுவிட்டேன். பிறகு நீ எழுந்து நின்று எல்லோருக்கும் நன்றி சொன்னாய். பெண் வீட்டாருக்கு, பங்குச் சாமியாருக்கு, மெட்ராஸிலிருந்து வந்த சிநேகிதர்களுக்கு. கடைசியில், "என் தொழிலை நிமிர்த்திவிட்டது எங்க சித்திதான். அவங்க நாவலைச் சினிமாக் கம்பெனி கேட்டிருக்கு, நேத்துதான் பேசி முடிஞ்சுது" என்று சொன்னாய். கை தட்டலில் பந்தல் அதிர்ந்தது. அம்மா அப்பாவுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்பாய். நியாயம்தான். ஆனால் அன்றைக்கு மாப்பிள்ளையின் தாய் நான். என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு செலினைப் பார்த்தார்கள். என் பக்கத்தில் இருந்த உன் மாமியார், "அவுகதான் எழுதுதவுகளா? நான் நீங்கன்னுல்லா நெனச்சேன்" என்றார். நான் எழுந்து, பாயசம் போதுமா என்று பார்க்கப் போவதுபோல் சமையல்காரர்கள் பக்கம் போய்விட்டேன். நீ பார்த்த தூக்கிவைத்த முகம் அங்கே தொடங்கியதுதான்.

இதில் மருமகளுக்காகவும் ஒன்று சொல்கிறேன். நீ உன் எழுத்தாளர்களைப் பற்றிப் பேசும்போது உன் கண் மின்னுகிறது. அந்த மின்னலை வீட்டிலும் கொஞ்சம் செலவு செய். அவள் வைத்த குழம்பு நன்றாயிருந்தால், அந்த நேரத்தில் இன்னார் எழுதிய அத்தியாயத்தைப் பற்றிப் பேசாதே. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வேறொருத்தரின் புகழைக் கேட்டுக்கொண்டே இருப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போன அடுத்த வாரம், ஒரு சனிக்கிழமை, செலின் வந்தாள். சொல்லாமல் வந்தாள். முத்தையாபுரத்தில் லாரிகள் அடைத்துக்கொண்டு பஸ் வெகுநேரம் நின்றுவிட்டது என்று வியர்த்துப்போய் வந்து உட்கார்ந்தாள். கருப்பட்டி ஒரு ஓலைக் கொட்டானில் கொண்டுவந்திருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, சினிமாக் கம்பெனி அனுப்பிய ஒப்பந்தத்தை மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, இதுல கையெழுத்துப் போடச் சொல்லுதாவ. ஆனா கடைசில புருசன் திரும்பி வாரமாரி மாத்தணுமாம்."

"எந்தப் புருசன்?"

"கதையில உள்ளவந்தான். கடைசி ரீல்ல வந்து கரையில நிக்கணுமாம். இவ ஓடிப்போயி அவன் கால்ல விழணுமாம். சட்டையையும் குடுக்கப்பிடாதாம். நெஞ்சோட அணைச்சு வச்சிருந்து பாட்டுப் படிக்கணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. "இதெல்லாம் எம் மவன்ட்டல்லா கேக்கணும்? அவந்தான ஏஜெண்டு" என்றேன்.

"அவன் போடுங்க சித்தி, சினிமான்னா அப்படித்தான் இருக்கும்ங்கான். வீட்ல அவுகளும் கப்பல்லருந்து அப்படித்தான் எழுதிருக்காவ. சாமியாரும் போடச் சொல்லுதாரு. எல்லாருக்கும் சந்தோசமா இருக்கு."

"பெறகு ஏங்கிட்ட எதுக்கு வந்த?"

அவள் கருப்பட்டிக் கொட்டானை என் பக்கம் தள்ளினாள். "நீங்க ஒருத்திதானக்கா சந்தோசப்படல" என்றாள். "அன்னைக்கு ரெண்டாவது அத்தியாயம் வாசிக்கயில நீங்க மீன் ஆய்ஞ்சிட்டு இருந்தத நிறுத்திட்டீய. ஒங்க மொகம் செத்துப்போச்சு. அப்பந்தான் இது நல்ல கதைன்னு எனக்குத் தெரிஞ்சுது. மத்தவங்க எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னாவ. அத வச்சு எனக்கு ஒண்ணும் தெரியல."

வெட்கத்தில் நான் எழுந்து காப்பி போடப் போய்விட்டேன். பாலை அடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பொறாமைக்காரிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? போடாதே என்று சொன்னால் சினிமா வராது, அவள் புகழ் அதோடு நின்றுவிடும். போடு என்று சொன்னால், சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாட்டுப் படிப்பார்கள், அவள் கதை நாறிப்போகும், பார்க்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் அவள் எழுதினாள் என்று நினைப்பார்கள். எதைச் சொன்னாலும் என் மனதுக்குக் கொண்டாட்டம்தான். அதனாலேயே எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. என் மனதைக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. "புஸ்தகத்த எடு. கடைசி அத்தியாயத்த வாசி" என்றேன்.

வாசித்தாள். இந்தத் தடவை கையில் மீன் இல்லை. அந்தப் பெண் யாரையும் எதிர்பார்க்காமல் கரைக்குப் போகிறாள். அங்கே வந்து சேர்ந்த வள்ளத்திலிருந்து இறங்குகிறவர்களை அவள் பார்க்கவே இல்லை. மீன் என்ன விலை என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறாள். செலின் அந்த இடத்தை வாசித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு எரிச்சலுக்கு நடுவிலும் வந்தது. "ஒரு எழுத்து மாத்தப்பிடாது செலின். மாத்தாம எடுத்தா எடுக்கட்டும், இல்லாட்டா போகட்டும். போடாத" என்றேன். அவள் ஒப்பந்தத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "இதத்தான் சொல்லுவியன்னு நெனச்சேன்" என்றாள்.

மாற்றாமல் எடுக்கமுடியாது என்று கம்பெனி விலகிக்கொண்டது. உன் முதல் கடிதம் வந்தது. "நீங்கள் சித்தியிடம் என்ன சொன்னீர்கள்? உங்களால் ஒரு வருஷ உழைப்பு போயிற்று. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குக் கல்யாணத்திலேயே தெரியும்" என்று எழுதியிருந்தாய். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று உள்ளதைச் சொல்கிறேன். முதலில் சந்தோஷப்பட்டேன். சினிமா இல்லை என்றதும் நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கியது. அன்றைக்கு மார்க்கெட்டில் சீலா மீன் வாங்கி வந்து வறுத்தேன். அப்பா, "என்ன விசேசம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் உன் கடிதத்தை வாசித்துவிட்டு மீனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சாப்பிட உட்கார்ந்தார். ஆகவே நீ எழுதியது பொய் என்று நான் சொல்லமாட்டேன். நான் செலினுக்குச் சொன்னது சரியான யோசனை. சொன்னவளுக்கு அதில் சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் பிரித்து எடுக்க என்னால் முடியவில்லை. உன்னால் முடிந்தால் பிரித்துக்கொள்.

பிறகுதான் உன் இரண்டாவது கடிதம். கம்பெனிக்காரர்கள் நம் கடற்கரைப் பக்கம் படம் எடுக்க எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்கள், இந்தப் பக்கத்துக் கதை வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள், உங்கள் இரண்டு நாவல்களில் உப்பளக் கதையைச் சொன்னேன், பிடித்திருக்கிறது, சில மாற்றங்கள் மட்டும் வேண்டுமாம், சம்மதமா என்று கேட்டிருந்தாய். அதை வாசித்ததும் நான் எழுந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்தேன். எதற்கென்று கேட்காதே. அப்பா வந்ததும் வாசலிலேயே சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "செலினுக்குத் தெரியுமா?" என்றார். அதற்கப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மணப்பாட்டுக்குப் போனேன். செலின் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சொன்னேன். கொடியில் போட்ட சேலையை அவள் இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, இருந்தும் இழுத்தாள்.

"குடுங்கக்கா. நல்லதுதான்" என்றாள்.

"ஒனக்கு ஒண்ணும் வருத்தமில்லயே?"

"இருக்கு. எரிச்சலா இருக்கு" என்றாள். "போஸ்டர்ல ஒங்க பேரு வரும்லா? என்னப் போடாதன்னு சொல்லிட்டு ஒங்களுக்கு மட்டும் வேணுமான்னு இருக்கு. நீங்க மட்டுந்தான் பொறாமப்படணுமா? நானும் படுவேன்."

அவள் முகத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான ஆறுதலை எப்படிச் சொல்வேன்! வருஷக்கணக்காக நான் மட்டும் தனியாகத் தின்றுகொண்டிருந்ததை அவளும் ஒரு கவளம் தின்றாள். இரண்டு பேரும் அந்த முற்றத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சோறு போட்டாள். குழம்பில் உப்பு கூடுதல். வேண்டுமென்றே போட்டாளா, தெரியாது.

வீட்டுக்கு வந்து, நீ எழுதியிருந்த மாற்றங்களை நிதானமாக வாசித்தேன். உப்பளத்தில் பெண்கள் உச்சிவெயிலில் கால் வெடித்து நிற்பது வேண்டாமாம், சாயங்கால வெளிச்சத்தில் வரிசையாக நடந்து போனால் போதுமாம். கங்காணி நல்லவனாகிவிட வேண்டுமாம். நாயகி கடைசியில் முதலாளியின் மகள் என்று தெரியவர வேண்டுமாம். என்னிடமிருந்த பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மனதுக்குள் மாற்றிப் பார்த்தேன். எங்கே வலிக்கும் என்று காத்திருந்தேன். சாயங்கால வெளிச்சம், வலிக்கவில்லை. கங்காணி, வலிக்கவில்லை. முதலாளி மகள் என்றபோது கொஞ்சம் சிரிப்புதான் வந்தது. செலின் வாசித்து முடித்தபோது, அவள் நாவலில் அந்தச் சட்டையை மாற்றுவார்களே என்று எனக்குப் பதறியது. என்னுடைய கதையை ஒருவன் தலைகீழாகத் திருப்புகிறான், நான் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ ஏன் அவளுடையதை விற்றாய், என்னுடையதை ஏன் விற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ஆனாலும் விடாமல் கடைசிவரை வாசித்தேன். ஒரே ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். அதில் கைவைக்கலாம் என்று நினைத்துப் பார்த்தபோது, அந்தச் சட்டைக்குப் பதறியதுபோலவே பதறியது. மறுபடி வாசித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை நான் எழுதியிருக்கிறேன். யாரிடமும் வாங்காமல், யாருக்காகவும் அழவைக்காமல் எழுதியிருக்கிறேன். செலின் வாசித்தால் கையில் இருக்கிற மீனைக் கீழே வைப்பாள்.

ஆகவே என் பதில் இது. மற்றது எல்லாவற்றையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். அந்த ஒரு பக்கம் மட்டும் அப்படியே இருக்கவேண்டும். அதற்குச் சம்மதித்தால் படம் எடுக்கட்டும், இல்லாவிட்டால் என் புத்தகத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்.

அது எந்தப் பக்கம் என்று நீ கேட்பாய். உன் இரண்டாவது கடிதத்தில் நாயகி பெயர் அந்தோணியம்மாள் என்று எழுதியிருக்கிறாயே, மகனே. அந்தோணியம்மாள் நாயகியின் தாய். நான்காம் பக்கத்தில் அவள் செத்துப்போகிறாள். அதுவரைக்கும்கூட நீ போகவில்லை, மற்றதெல்லாம் நான் சோறு போடும்போது வாயால் சொல்லிக் கேட்டதுதான்.

பக்கம் எது என்று நான் எழுதமாட்டேன். முழுவதையும் வாசித்து நீயே கண்டுபிடித்து எனக்கு எழுது. சரியாக எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்.